படர்க்கையில் நிற்கும் குரு

தானாகக் கற்ற பொறியியலாளர் என்றால், பட்டமோ பயிற்சிச் சான்றிதழோ இல்லாமல், கருவியைக் கழற்றிப் பார்த்தும் கையேட்டைப் படித்தும் பிழைவிட்டுத் திருத்தியும் தொழிலை அறிந்தவர் என்று பொருள். மருத்துவத்திலும் பாலம் கட்டுவதிலும் இத்தகையோரை இன்று காண்பது அரிது. கணினியின் வன்பொருளிலும் மென்பொருளிலும் அவர்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய சமயக் கேள்வி ஒன்று அவர்களுடைய தொழில்வாழ்க்கையில் மீண்டும் எழுகிறது. குருவில்லாமல் அறிவு வருமா? வருமென்றால் அது யாருடைய அறிவு, அதற்கான கடனை யாருக்கு அடைப்பது? பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சைவ ஆசிரியர்கள் இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட விடையை ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் விளங்கும்.

சென் ஜேம்ஸ் ரவுண், நகர மையத்தின் வடகிழக்கு மூலையில், வெலஸ்லி வீதிக்கு வடக்கே, சேர்போன் வீதிக்கும் பார்லிமென்ட் வீதிக்கும் இடையே உள்ள சிறிய நிலப்பரப்பு. 1960களில் அங்கே 19 உயர்ந்த தொடர்மாடிகள் எழுந்தன. கனடிய நகரங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். பிள்ளைகள் இல்லாத இளம் உத்தியோகத்தரை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் அவை. சில பத்தாண்டுகளில் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவற்றை நிறைத்தன. கனடாவில் மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களில் இதுவும் ஒன்று. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் ரொறன்ரோ வந்த ஈழத்தமிழர் பலர் முதலில் குடியேறியது இந்தக் கட்டடங்களில்தான். பகலில் உணவகச் சமையலறையிலோ தொழிற்சாலையிலோ நின்றுவிட்டு, இரவில் சமையலறை மேசைமேல் ஒரு பழைய கணினியைத் திறந்து வைத்துக் கற்றவர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு.

அவர்களிடம் பட்டம் இல்லாததை அறிவுக் குறைவாகக் கொள்ள முடியாது. இலங்கையில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். தரப்படுத்தல் என்று பெயர்பெற்ற இந்தக் கொள்கை வேறுவேறு வடிவங்களில் தொடர்ந்தது. 240 புள்ளி பெற்ற தமிழ் இளைஞர் ஒருவர் பொறியியலாளர் ஆகவில்லை. அவரைவிடக் குறைவாகப் பெற்ற இன்னொருவர் ஆனார். கனடாவிலோ பட்டம் பெற்று வந்தவரும் அதே வாசலில் நிறுத்தப்பட்டார். 'கனடிய அனுபவம் உண்டா?' என்பது அங்கே கேள்வி. இந்த நிபந்தனையைக் கண்டிப்பாக விதிப்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் அறிவித்தது. ஒன்ராறியோவில் பொறியியலாளருக்கு உரிமம் வழங்கும் அமைப்பு 2023இல்தான் அதைக் கைவிட்டது. ஆக, பட்டமில்லாமல் அறிந்தவரும் பட்டமிருந்தும் ஏற்கப்படாதவரும் சென் ஜேம்ஸ் ரவுணின் ஒரே மின்தூக்கியில் நின்றார்கள். அறிவு ஓரிடத்திலும் அதற்கான அங்கீகாரம் வேறோரிடத்திலும் இருந்த நிலை அது.

கணினி மட்டும் ஏன் அவர்களுக்கு வழிவிட்டது? அதற்குத் திட்டமான காரணம் உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1981இல் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, சுற்று வரைபடங்களும் அடிப்படை நிரலின் முழு வரிகளும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் விற்றது. மற்ற நிறுவனங்கள் ஒத்த கணினிகளைச் செய்தன. உதிரிப்பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1990களில் கொலிஜ் வீதியும் ஸ்பதைனாவும் சந்திக்கும் இடத்துக் கடைகளில் தாய்ப்பலகை, நினைவக அட்டை, மின்வழங்கி என்று துண்டு துண்டாக வாங்கி வீட்டில் ஒரு கணினியைச் சேர்த்துவிட முடிந்தது. 1977இல் திறந்த ரொறன்ரோ உசாத்துணை நூலகம் யங் வீதியில், சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே படிக்க வருபவரிடம் யாரும் பட்டம் கேட்பதில்லை.

கற்ற விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கணினியை இயக்கியதும் அது தன்னைத் தானே சோதிக்கிறது. எல்லாம் சரியென்றால் ஒரு சிறு ஒலி. இல்லையென்றால் வேறு ஒலிகள், அல்லது மௌனம். ஒலி அட்டையைப் பொருத்திய பின் அச்சுப்பொறி நின்றுபோனால், இரண்டும் ஏழாம் இலக்கக் குறுக்கீட்டுத் தடத்துக்குப் போட்டியிடுகின்றன என்று ஊகிக்க வேண்டும். அட்டையில் உள்ள நகத்தளவான ஜம்பரைக் கழற்றி ஐந்தாம் இலக்கத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அச்சுப்பொறி ஓடினால் ஊகம் சரி. இப்படி ஒரு பிழையைப் பிடிக்கச் சிலவேளை மூன்று இரவுகள் போகும். அந்த மூன்று இரவில் கற்றதை ஒருவர் ஆயுளுக்கும் மறப்பதில்லை.

மேலே சொன்ன சைவ ஆசிரியர்களின் நூல்களில் ஒன்றான சிவஞான சித்தியார் தன் ஆராய்ச்சியை அளவையில் தொடங்குகிறது. அதாவது, அறிவு எந்த வழியால் வருகிறது என்ற கேள்வியில். சைவ சித்தாந்தம் ஏற்கும் அளவைகள் மூன்று: காட்சி, கருதல், உரை. மேலே சொன்ன இரவில் மூன்றுமே நடக்கின்றன. ஒலியைக் கேட்பது காட்சி. தடங்கள் மோதுகின்றன என்று எண்ணுவது கருதல். ஏழாம் தடம் அச்சுப்பொறிக்கு உரியது என்ற செய்தியோ உரை. அதை எந்தச் சுற்றைப் பார்த்தும் ஊகித்தறிய முடியாது; அது சிலர் கூடி எடுத்த முடிவு, எங்கோ எழுதப்பட்டது, எவரோ படித்துச் சொன்னது. தானாகக் கற்றவர் காட்சியையும் கருதலையும் தம் உழைப்பாக நன்றாக நினைவில் வைத்திருக்கிறார். உரையை மறந்துவிடுகிறார். எழுதியவர் முகத்தை அவர் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. அதனால் அந்த உதவி உதவியாகவே தோன்றுவதில்லை. 'தானாக' என்ற சொல் இந்த மறதியிலிருந்தே பிறக்கிறது.

மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தில் பன்னிரண்டு சூத்திரங்கள் உள்ளன. எட்டாவது சூத்திரம் குருவைப் பற்றியது. வேடர் நடுவே வளர்ந்து தன் பிறப்பை மறந்த அரசகுமாரனைப்போல உயிர் ஐம்புலன்களிடையே வளர்ந்து தன்னை மறந்திருக்கிறது. தகுதி வந்தபோது இறைவனே குருவாய் வந்து உணர்த்துகிறான் என்பது அதன் கருத்து. எல்லா உயிருக்கும் அவன் ஒரே விதமாக உணர்த்துவதில்லை. ஆணவம் ஒன்றே உடைய விஞ்ஞானகலருக்கு அறிவினுள்ளே நின்று உணர்த்துகிறான். பிரளயாகலருக்குக் கண்முன் உருவெடுத்து நிற்கிறான். சகலராகிய நமக்கோ மனிதக் குருவின் வடிவில் மறைந்து வந்து சொல்கிறான். உரையாசிரியர்கள் இதை இலக்கணச் சொற்களால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வகுத்தார்கள்.

இந்தப் பகுப்பில் குருவில்லாத அறிவு என்று ஒன்று இல்லை. உள்ளிருந்து பொங்கியதுபோலத் தெரியும் அறிவுக்கும் உணர்த்துபவன் உண்டு. குரு எவ்வளவு மறைந்து நிற்கிறான் என்பதில்தான் வேறுபாடு. சகலருக்கு உணர்த்துபவன் படர்க்கையில், மூன்றாம் ஆளாக, 'அவர்' என்று மட்டும் சுட்டத்தக்கவனாக இருக்கிறான். கையேட்டை எழுதியவரும், சில்லைக் கோடு கோடாக வரைந்தவரும், பிழையைக் கண்டு குறிப்பெழுதி விட்டுப்போனவரும் தானாகக் கற்ற பொறியியலாளருக்கு அப்படியே படர்க்கையில் நிற்கிறார்கள்.

இதற்கு உடனே ஒரு தடை எழும். சித்தாந்தம் பேசுவது வீடுபேற்றுக்கான ஞானம்; கணினி பழுதுபார்ப்பதை அதோடு சேர்க்கலாமா? தடை நியாயமானது. நூலறிவை, வேத ஆகம அறிவையே, அபரஞானம் என்று கீழே வைத்து, இறைவனை உணரும் பரஞானத்தை வேறாக்கியவர்கள் அந்த ஆசிரியர்கள். ஜம்பரை மாற்றக் கற்றவர் முத்தியடைந்தார் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அபரஞானத்துக்கும் குரு வேண்டும் என்பதே அவர்களுடைய நிலை. உயர்ந்ததைப் பற்றிச் சொன்னதில் ஒரு பங்கு தாழ்ந்ததற்கும் பொருந்தும். தமிழும் இதற்கு இடம் தருகிறது. பொறி என்ற ஒரே சொல் புலன்களுக்கும் இயந்திரத்துக்கும் வழங்குகிறது. ஐம்பொறியும் கணிப்பொறியும் ஒரே வகையில் நடந்துகொள்கின்றன. இரண்டும் கேட்டதற்கு விடை தரும். கேள்வியைத் தாமாகத் தருவதில்லை. பொறியைக் குரு என்று சொல்ல முடியாமைக்குக் காரணம் இதுதான். குரு பக்குவம் அறிந்து தேடி வருகிறான். இயந்திரம் எவரையும் தேடி வருவதில்லை. நள்ளிரவு வேலை முடிந்து வந்தவர் தூக்கத்தை விட்டு அதன் முன் அமர்ந்தால்தான் அது வாய்திறக்கும்.

ரொறன்ரோ இந்தப் பாதைக்கு ஒரு சிறந்த சான்றைத் தந்திருக்கிறது. ஜிம் பட்டர்பீல்ட் 1936இல் அல்பேர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கவில்லை. 1957 முதல் 1981 வரை கனடிய இரயில்வே நிறுவனங்களின் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலைசெய்தார். 1976இல் கிம்-1 என்ற ஒற்றைப்பலகைக் கணினி வந்தது. 1024 பைற் நினைவகம், ஒரு சிறு விசைப்பலகை, ஆறு இலக்கங்களைக் காட்டும் சிவப்பு விளக்குகள்: அவ்வளவுதான் அது. அதற்கென முதல் நூலை இன்னும் இருவரோடு சேர்ந்து மறு ஆண்டே வெளியிட்டார். பின்பு, ரொறன்ரோவில் தட்டச்சுப்பொறி வியாபாரமாகத் தொடங்கிய கொமடோர் நிறுவனத்தின் பெற் கணினி வந்தபோது, அதன் நினைவகத்தை முகவரி முகவரியாக ஆராய்ந்து, எந்த இடத்தில் எது இருக்கிறது என்று வரைபடம் தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தார். உற்பத்தி செய்தவர்கள் விளக்காமல் விட்டதைப் பொறியிடமே கேட்டு அறிந்தார். 2007இல் அவர் இறந்தபோது அவரிடமிருந்து இயந்திரமொழி கற்றவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். தனக்குத் தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளாத குணமே அவரைப் பெரியவராக்கியது.

தனியே கற்பதில் இழப்பும் உண்டு. அதை மறைப்பது அறிவுக்குச் செய்யும் துரோகம். சீனிவாச இராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தவறியவர். கார் என்பவர் தொகுத்த நூலில், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல் அடுக்கிய சில ஆயிரம் முடிவுகளே அவருக்கு ஆசான். 1913 ஜனவரியில் அவர் ஆங்கிலக் கணிதவியலர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஒரு மேதையைக் காட்டியது. ஆனால் பகா எண்களின் பரம்பலைப் பற்றி அவர் கொண்டிருந்த முடிவு பிழை. அந்தத் துறையில் ஐரோப்பாவில் அரை நூற்றாண்டாக நடந்த வேலை அவர் கைக்கு எட்டவில்லை. இராமானுஜனுக்கே அப்படியென்றால் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் போவது தனியே கற்பவரின் நிலையான ஆபத்து.

மென்பொருளில் அந்த ஆபத்து உயிரைத் தொடும். கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் செய்த தெராக்-25 என்ற கதிர்சிகிச்சைக் கருவி 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு மிகையான கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் இறந்தார்கள். ஒரு நிகழ்வு ரொறன்ரோவுக்கு அருகே ஹமில்ரனில் நடந்தது. அதன் நிரலை எழுதியது ஒரே ஒரு மனிதர். அவருடைய கல்வி, அனுபவம் பற்றிய விபரம் பின்னர் ஆராய்ந்தவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. பட்டமில்லாத ஒருவர் செய்த குற்றம் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. பழைய கருவிகளில் இருந்த வன்பொருள் காப்புகளை அகற்றிவிட்டு முழுப் பொறுப்பையும் நிரலின்மேல் வைத்தார்கள். அந்த நிரலை வெளியாள் எவரும் தனியாக ஆராயவில்லை. பட்டதாரி ஒருவர் தனியே எழுதியிருந்தாலும் இதே விபத்து நடந்திருக்கலாம். வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்ததாகக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்குப் பிறகே அறிவுடைமை வருகிறது. பிறர் சொல்லக் கேட்கும் அந்தப் படியைத் தாண்டிப் போனவருக்கு அறிவுடைமை வாய்ப்பதில்லை என்பதற்கு ஹமில்ரன் ஒரு துயரமான சாட்சி.

இதே அச்சத்தில்தான் கனடியப் பொறியியலாளர் தமக்கென ஒரு தீட்சையை ஏற்படுத்தினார்கள். 1907இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து விழுந்து 75 தொழிலாளர் மாண்டார்கள். 1916இல் மீண்டும் விழுந்து 13 பேர் மாண்டார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்ரெயின் கேட்டுக்கொண்டபடி எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் ஒரு சடங்குமுறையை எழுதிக் கொடுக்க, 1925இல் அது தொடங்கியது. பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர் கடமையை ஏற்று, வேலைசெய்யும் கையின் சின்னவிரலில் ஓர் இரும்பு மோதிரம் அணிகிறார். இடிந்த பாலத்தின் இரும்பால் செய்த மோதிரம் என்று பலர் சொல்வது உண்மையில்லை. ஆனால் அந்த நம்பிக்கை ஏன் பிறந்தது என்பது எளிதில் விளங்குகிறது. சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று படிப்படியாகப் பெற்றவரின் மரபில் வந்த வாசகருக்கு இந்த மோதிரம் அந்நியமாகத் தோன்றாது. அறிந்ததைக் கையாளும் உரிமையைப் பெறுமுன் அதன் பாரத்தை ஏற்க வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கருத்து. தானாகக் கற்றவருக்கு மோதிரம் கிடைப்பதில்லை. பாரம் மட்டும் அவருக்கும் உண்டு; அவர் எழுதும் நிரலையும் பிறர் நம்பித்தான் பயன்படுத்துகிறார்கள்.

மோதிரம் இல்லாதவரை எப்படி மதிப்பிடுவது? பெரிய புராணம் கண்ணப்பர் கதையில் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஆகமம் கற்ற சிவகோசரியார், காளத்தியில் தாம் செய்யும் பூசை ஒவ்வொரு நாளும் இறைச்சியாலும் எச்சில் நீராலும் கெடுவதைக் கண்டு துடிக்கிறார். இறைவன் அவரிடம் வாதம் செய்யவில்லை. மறைந்திருந்து பார் என்கிறான். அவர் ஒளிந்து நின்று, கண்ணைத் தோண்டி அப்பும் கையைப் பார்க்கிறார். இலட்சணம் அறிந்தவர் வேலையை நேரில் கண்டபின் தீர்ப்பை மாற்றுகிறார். கதையில் பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு செய்தியும் உண்டு. நீராட்டி, மலரிட்டு, உணவு படைக்க வேண்டும் என்பதைத் திண்ணனார் (கண்ணப்பரின் முந்தைய பெயர் அது) தாமே கண்டுபிடிக்கவில்லை. முன்பு ஓர் அந்தணர் அப்படிச் செய்ததைப் பார்த்ததாகக் கூட வந்த நாணன் சொல்கிறான். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே அவர் தம் வழியில் பூசை செய்கிறார். எவரிடமும் கல்லாதவர் என்று போற்றப்படும் கண்ணப்பருக்கும் படர்க்கையில் ஒரு குரு இருந்தார். அந்தக் குரு, அவரால் துடித்துப்போன சிவகோசரியாரேதான்.

தமிழ்க் கணினியின் வரலாற்றில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அந்தத் துறையைத் தொடக்கத்தில் கட்டியவர்களில் பலர் அதற்கென்று படித்தவர்கள் அல்லர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதையாசிரியர், தமிழாசிரியர். கணினியைத் தாமே கற்றுக் கணியன் முறையை உருவாக்கினார். 1995 ஒக்ரோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளோடு தமிழை இணையத்தில் ஏற்றிய பணியில் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் வேதியியலர், மயிலை எழுத்துருவைச் செய்ததோடு 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1980களிலேயே ஆதமி என்ற தமிழ் எழுதியைச் செய்திருந்தார். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நடத்திய பத்திரிகைகளில் பாமினி எழுத்துரு பரவலாக ஓடியது.

ஒவ்வொருவரும் தனித்தனியே கற்றதால் ஒவ்வொருவரும் தனித்தனிக் குறியேற்றம் செய்தார்கள். எட்டுப் பிற்றில் அடங்குவன 256 இடங்கள், தமிழெழுத்து 247. ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் இடம்விட்டால் மிச்சம் போதாது. ஆகவே கொம்பு, கால், சுழி என்று உறுப்புகளாகப் பிரித்து, எந்த உறுப்பை எந்த இடத்தில் வைப்பது என்று ஒவ்வோர் எழுத்துருக் கலைஞரும் தம் வசதிப்படி தீர்மானித்தார். விளைவு எல்லோருக்கும் நினைவிருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று எழுதி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டும் வந்து நிற்கும். ரொறன்ரோவில் எழுதிய கடிதம் கொழும்பில் புரியாது. சென்னையில் எழுதிய கட்டுரை ரொறன்ரோவில் திறக்காது. எழுதியவர் திறமையில் குறையில்லை. அவரவர் திரையில் தமிழ் அழகாகவே இருந்தது. சித்தாந்தம் ஆணவம் என்று சொல்வது செருக்கை மட்டும் குறிக்கவில்லை; உயிரின் அறிவைச் சிறு வட்டத்துக்குள் அடக்கி, அதற்கு வெளியே ஒன்றையும் காணவிடாமல் செய்யும் மறைப்பை அது குறிக்கிறது. நல்ல மனமும் உழைப்பும் உள்ளவரிடத்தும் அந்த மறைப்பு வேலைசெய்யும் என்பதற்கு எழுத்துருக் குழப்பத்தைவிடத் தெளிவான சான்று தமிழர் அண்மை வரலாற்றில் இல்லை.

அந்த மறைப்பு ஒருநாளில் நீங்கவில்லை. 1997 மேயில் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியில் சென்னையிலும் தமிழ்க் கணினி பற்றிய மாநாடுகள் கூடின. தமிழ்99 விசைப்பலகை சென்னை மாநாட்டின் பயன். 1991இலேயே யுனிகோட் அட்டவணையில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், பொதுமக்களின் கணினிகளில் அது இயங்க 2000ஆம் ஆண்டு விண்டோஸ் வரவேண்டியிருந்தது. பழைய எழுத்துருவில் கிடந்தவற்றைப் புதியதற்கு மாற்றும் கருவிகளையும் ஆர்வலர்களே எழுதினார்கள். ஜெர்மனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணனின் மாற்றியை ஈழத்தமிழர் பலர் பயன்படுத்தினார்கள். தானாகக் கற்றவர்கள் ஒருவர் கற்றதை மற்றவர் முன் வைத்து, தமது தீர்மானத்தை விட்டுக்கொடுத்தபோதுதான் தமிழ் எல்லாக் கணினிக்கும் பொதுவானது. அந்த விட்டுக்கொடுப்பைச் சமயச் சொல்லால் சரணாகதி என்றாலும் தகும்.

குருவுக்குச் செலுத்தும் கடன் இங்கேதான் தெளிவாகிறது. முன்னால் இருக்கும் குருவுக்குத் தட்சிணை கொடுக்கலாம். படர்க்கையில் நிற்பவருக்கு எதை, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்கே கைவரும். கூடப் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கும் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவது. இந்தக் கணக்கின்படி, கற்றுக்கொடுக்காதவர் பாதி கற்றவர். பௌத்தமும் இதை அறிந்திருந்தது. ஆசிரியரின்றித் தாமே விழிப்படைந்தும் பிறருக்குப் போதிக்காதவரைப் பச்சேக புத்தர் என்று தனி வகையாக வைத்து, போதிக்கும் புத்தருக்குக் கீழே நிறுத்தியது. குருவில்லாமல் அறிந்ததை அந்த மரபு பெருமையாகவே கண்டது. சீடனில்லாமல் போனதையே குறையாகக் கண்டது.

1990களில் சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிகளில் உதிரிப்பாகம் சேர்த்து அயலவரின் கணினிகளை இயங்க வைத்தவர்களும், பத்திரிகைக்காக இரவோடிரவாக எழுத்துருப் பொருத்தியவர்களும் இன்று அறுபதை நெருங்குகிறார்கள், அல்லது தாண்டிவிட்டார்கள். அவர்கள் கற்ற அரைப்பங்கு இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. எந்தப் பிழையில் எத்தனை இரவு போனது, எந்தக் கையேடு கைகொடுத்தது, யார் சொல்லி எது விளங்கியது என்பதை அவர்கள் தமிழில் எழுத வேண்டும். எழுதினால் காக்க இடமுண்டு. நூலகத் திட்டம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து இணையத்தில் வைத்துவருகிறது. ரொறன்ரோப் பொதுநூலகத்தின் சென் ஜேம்ஸ் ரவுண் கிளை சேர்போன் வீதி 495ஆம் இலக்கத்தில் இருக்கிறது. உட்கார்ந்து எழுத அங்கே மேசையும் கணினியும் உண்டு.